மகனை வெளியே உட்காரச் சொல்லும் வக்கீல்

(மேலூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியமோ வரலாறோ பேசுவதுதான் வழக்கம். இந்த முறை அழைத்தவர்கள், ஊருக்கு உதவுகிற பொருளாகப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். நான் பதிவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வக்கீல் இல்லை. வக்கீலுக்குக் காசு கொடுங்கள் என்று நான் சொன்னால் அதில் எனக்கு ஒரு லாபமும் கிடையாது. அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

நம் காலத்துக்குப் பிறகு நிலமும் வீடும் நகையும் பாங்கிப் பணமும் யாருக்கு, எப்படிப் போகவேண்டும் என்று எழுதிவைக்க உள்ளூரில் ஒரு நல்ல வக்கீலைத் தேடுவது எப்படி, அவருக்குக் கட்டணம் கொடுப்பது எப்படி என்பதே இன்றைய பொருள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொத்து யாருடையதோ அவரேதான் வக்கீலைத் தேடிப் போகவேண்டும். அவரேதான் தம் கைக்காசில் கட்டணம் கொடுக்கவேண்டும். மகன் கூட்டிப்போய், மகன் பணம் கட்டி, அப்பா கையெழுத்து மட்டும் போடுகிற வழக்கம் நம் பக்கத்தில் வேரூன்றியிருக்கிறது. பின்னால் வருகிற வம்புகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன.

இந்த மேடையே ஒருவர் ஒழுங்காக எழுதி வைத்ததால் கிடைத்த மேடை. எழுதி வைத்தும் சிக்கிக்கொண்ட பெரிய அறம் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. பச்சையப்ப முதலியார் 1794 மார்ச் மாதம் உயில் எழுதினார். அதே மாதக் கடைசியில் காலமானார். திரண்ட செல்வத்தை அறத்துக்கென்று எழுதியிருந்தார். பணம் வேறு கைகளுக்குப் போய், வழக்காகி, நீதிமன்றத்தின் வழியே மீண்டது. சென்னையில் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் அந்தப் பணத்தைக் கல்விக்குத் திருப்புவதில் முன்னின்றார். பச்சையப்பர் பெயரில் பள்ளி திறந்த ஆண்டு 1842. நடுவில் ஓடியது 48 ஆண்டு. உயில் எழுதினால் மட்டும் போதாது. அதை நிறைவேற்ற வேண்டியவர் யார், தவறினால் கேட்பவர் யார் என்பதும் அதிலேயே இருக்கவேண்டும்.

நமக்குப் பக்கத்துச் சீமையான சிவகங்கையின் கதையை இங்கே பலரும் கேட்டிருப்பீர்கள். ஜமீன்தார் கௌரி வல்லபத் தேவர் 1829இல் இறந்தார். ஆண் பிள்ளை இல்லை; மனைவிமாரும் மகள்களும் இருந்தார்கள். பட்டம் அண்ணன் வாரிசுகளிடம் போனது. ஜமீன் குடும்பச் சொத்தா, கௌரி வல்லபர் தாமே அடைந்த சொத்தா என்ற ஒரே கேள்வி மதுரையில் கிளம்பி, சென்னைக்குப் போய், கப்பலேறி லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1863இல் தீர்ப்பு வந்தது. அது அவர் தாமே அடைந்த சொத்து, ஆகவே பங்காளிக்குப் போகாது, மனைவிக்கும் பிறகு மகளுக்கும்தான் என்று மகள் காத்தம நாச்சியார் பக்கம் தீர்ந்தது. சட்டக் கல்லூரிகளில் இந்த வழக்கை இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள். ஒரு தலைமுறை முழுதும் கோர்ட்டில் கழிந்தது. பூர்வீகமா, சுயார்ஜிதமா என்ற அதே கேள்விதான் இன்று வெள்ளலூர் நாட்டில் 60 சென்ட் நஞ்சைக்கும் எழுகிறது. ஒத்தக்கடை அருகே 2004 ஜூலையில் உயர் நீதிமன்றக் கிளை வந்தது நமக்குப் பெரிய வசதி. ஆனால் மேலூர்க் கோர்ட்டில் தொடங்கும் பாகவழக்கில் முதல்நிலைத் தீர்ப்பு, கமிஷனர் வந்து நிலத்தை அளப்பது, இறுதித் தீர்ப்பு, நிறைவேற்று மனு என்று படிகள் இருக்கின்றன. அவற்றில் பல படிகளில் மேல்முறையீடும் இருக்கிறது. அந்தக் கிளை வரை பாகவழக்குக் கட்டைச் சுமந்துகொண்டு போகும் அண்ணன் தம்பிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். அந்தச் செலவில் மிகச் சின்னப் பகுதியை அப்பா உயிரோடு இருந்தபோதே ஒரு நல்ல வக்கீலின் ஆலோசனைக்குக் கொடுத்திருக்கலாமே என்று தோன்றும்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் கண்டதைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். காதில் தண்டட்டி போட்ட பாட்டி ஒருவர். இரண்டாவது மகன் கைத்தாங்கலாக அழைத்து வந்திருந்தார். போட்டோ எடுத்து, விரல்ரேகை வைக்கும் நேரம். பதிவு அதிகாரி கேட்டார்:

“பாட்டி, என்ன பத்திரம் எழுதிக் குடுக்குறீக?”

“எம் மகனுக்கு வீட்ட எழுதி வைக்கிறேன் சாமி.”

“இப்பவேவா? ஒங்க காலத்துக்கு அப்புறமா?”

“எங் காலத்துக்கு அப்புறந்தேன். நான் இருக்குற வரைக்கும் நாந்தானே இருக்கணும்?”

மேசையில் இருந்தது தான செட்டில்மெண்ட் பத்திரம். பதிவானதுமே வீடு மகனுடையது. பாட்டிக்கு ஆயுள் வரை குடியிருக்கும் உரிமை என்று ஒரு வரிகூட அதில் இல்லை. மகனிடம் கேட்டோம். “உயில்னா பின்னால யாராச்சும் கேள்வி கேப்பாக, செட்டில்மெண்ட்னா கெட்டின்னு சொன்னாக” என்றார். பொய் சொல்லவில்லை. பத்திரம் எழுதியவரும் மோசம் செய்யவில்லை. அவரிடம் வந்த ஆள் மகன், கூலி கொடுத்த ஆள் மகன், அவர் கேட்ட பத்திரத்தை அவர் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொருவரும் அவரவர் வேலையைச் செய்திருந்தார்கள். ஆனால் வீட்டுக்குச் சொந்தக்காரியை உட்கார வைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்டிருக்கவில்லை. அதிகாரி அன்று எழுந்து வந்து பாட்டியிடம் விளக்கினார். பத்திரம் திரும்பிப் போனது. அவர் நல்ல மனிதர். ஆனால் அது அவருடைய கடமை என்று சட்டம் சொல்லவில்லை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு அதிகாரி முக்கியமாகப் பார்க்க வேண்டியது வந்திருப்பவர் இன்னார்தானா, எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொள்கிறாரா, மைனரோ புத்தி சுவாதீனம் இல்லாதவரோ இல்லையே என்பவைதான். பத்திரம் உங்களுக்கு நல்லதா என்று பார்ப்பது அவர் வேலை அல்ல. பதிவு ஆயிற்று என்பதாலேயே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

பத்திர எழுத்தர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அரசு 1982ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் கொடுக்கும் தொழில் அது. நான்கு மால் எல்லையையும் பிசகாமல் எழுதி, சர்வே நம்பரும் உட்பிரிவும் தப்பாமல் போடும் எழுத்தர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். கிரயப் பத்திரத்துக்கு அவரிடமே போங்கள். ஒரே வீடு, ஒரே பிள்ளை, வில்லங்கம் எதுவும் இல்லை என்றால் உயிலையும் அவர் நன்றாகவே எழுதிவிடுவார். ஆனால் இரண்டு குடும்பம் இருந்தால், இறந்துபோன மகளுக்குப் பிள்ளைகள் இருந்தால், பூர்வீகமும் சுயார்ஜிதமும் கலந்திருந்தால், ஒரு பிள்ளைக்குக் குறைத்தோ இல்லாமலோ எழுதுவதாக இருந்தால், எழுதுவதற்கு முன் கேள்வி கேட்க ஒருவர் வேண்டும். அதற்குத்தான் வக்கீல். கேள்வி என்றதும் பெரிய சட்ட நுணுக்கம் என்று பயப்பட வேண்டாம். ஒரு கிணற்றை எடுத்துக்கொள்வோம். அப்பா இரண்டு ஏக்கரைச் சரிபாதியாகப் பிரித்து இரண்டு மகன்களுக்கும் உயில் எழுதிவிட்டுப் போகிறார். கிணறு மூத்தவன் பங்கில் விழுந்துவிடுகிறது. இலவச மின் இணைப்பு அப்பா பெயரில் ஒன்றே ஒன்று. தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை? மோட்டார் எரிந்தால் செலவு யாருடையது? இளையவன் வயலுக்கு வாய்க்கால் எந்த வரப்பு வழியே போகும்? மின் இணைப்பு யார் பெயருக்கு மாறும்? பெரியாற்றுத் தண்ணீர் ஒரு போகத்துக்கு வந்தாலே பெரிது என்று இருக்கிற நம் பகுதியில், கிணற்று முறை எழுதாத உயில் பாதி உயில்தான். அந்தக் கேள்வியைப் பாகவழக்கு நடத்திய வக்கீல் கண்டிப்பாகக் கேட்பார். ஏனென்றால் அந்தக் கிணற்றை வைத்து அண்ணனும் தம்பியும் கூண்டில் ஏறி நின்றதை அவர் கண்ணால் பார்த்திருப்பார்.

வக்கீலைத் தேடும் வழி என்று நான் முதலில் சொல்வது இதுதான். உயில் எழுதுவதில் மட்டும் பெயர் எடுத்தவரைத் தேடாதீர்கள். மேலூர்க் கோர்ட்டிலோ மதுரை மாவட்டக் கோர்ட்டிலோ சிவில் பக்கம் நடத்துகிறவராக, பாகவழக்கும் உயில் வழக்கும் பார்த்தவராகத் தேடுங்கள். உயில் எந்த இடத்தில் முறியும் என்பது அதை முறிக்கப் பார்த்தவருக்கும் காப்பாற்றப் போராடியவருக்கும்தான் தெரியும். விளம்பரத்தைப் பார்த்துத் தேட முடியாது. வக்கீல்கள் விளம்பரம் செய்து கட்சிக்காரரைப் பிடிக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. செல்போனில் வக்கீல்களைப் பட்டியல் போட்டு, நட்சத்திரம் போட்டு விற்கும் தளங்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. ஆகவே மிச்சம் இருப்பது பழைய வழிதான், விசாரிப்பது. யாரிடம் விசாரிப்பது என்பதில் கவனம் வேண்டும். கோர்ட் வாசல் புரோக்கரிடம் வேண்டாம். அவருக்கு வக்கீலிடமிருந்து கமிஷன் வரும். உங்கள் ஊரில் அப்பா காலமாகி, கோர்ட்டுக்குப் போகாமலே பிள்ளைகள் பிரிந்துகொண்ட வீடு ஒன்று இருக்கும். அங்கே போய், யார் எழுதிக் கொடுத்தது என்று கேளுங்கள். ஜெயித்தவரைக் கேட்பதைவிட வழக்கே வராதவரைக் கேட்பது நல்லது. பெயர் கிடைத்தபின், தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் அவருடைய பதிவு எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளலாம். எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

இந்த ஊர் வக்கீலை வெறும் தொழில்காரராக மட்டும் பார்த்த ஊர் அல்ல. தும்பைப்பட்டியில் பிறந்த கக்கனுக்கு மதுரை வக்கீல் வைத்தியநாத ஐயர் தகப்பன் மாதிரி இருந்தார். 1939 ஜூலை 8ஆம் தேதி ஆலயப் பிரவேசத்தின்போது மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஐயர் அழைத்துப் போனவர்களில் கக்கனும் ஒருவர். அப்படிப்பட்ட வக்கீல்களின் நினைவு நமக்கு இருக்கிறது. அதனாலேயே, வக்கீலிடம் கட்டணம் எவ்வளவு என்று கேட்க நாம் கூச்சப்படுகிறோம். “பாத்துக்கலாம்ணே” என்று அவர் சொல்வார், “நீங்க சொன்னாச் சரிதான்” என்று நாமும் சொல்லிவிட்டு வருவோம். மரியாதையும் இருக்கட்டும், ரசீதும் இருக்கட்டும்.

முதல் நாள் போகும்போது என்ன செய்யவேண்டும்? மகனோ மருமகனோ பைக்கில் கொண்டுபோய் விடட்டும், தவறில்லை. வக்கீல் அறைக்குள் நீங்கள் மட்டும் போங்கள். உங்களைப் பார்த்ததும், “தம்பி, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க, ஐயாகிட்டப் பேசிட்டுக் கூப்பிடுறேன்” என்று மகனிடம் சொல்லும் வக்கீல் கிடைத்தால், தேடுவதை அங்கேயே நிறுத்திவிடலாம். தம் கட்சிக்காரர் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, மகனையே பார்த்து, “எவ்வளவு இடம், யாருக்கு எழுதணும்?” என்று கேட்பவரிடம் எவ்வளவு பெரிய பெயர் இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இது வெறும் பண்பாட்டுப் பேச்சு அல்ல. சட்டமும் இப்படித்தான் பார்க்கிறது. 1958இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை இன்றுவரை எல்லா உயில் வழக்கிலும் எடுத்துக்காட்டுகிறார்கள். உயிலால் பெரிய பலன் அடைகிறவரே அதை எழுத வைப்பதில் முன்னின்றிருந்தால் அது சந்தேகத்துக்குரிய சூழ்நிலை. அந்தச் சந்தேகத்தைப் போக்கும் பாரம் உயிலைக் காட்டுகிறவர் மேல்தான் விழும். அதாவது வக்கீலைப் பிடித்ததும் நான், பணம் கட்டியதும் நான், சாட்சியைக் கூட்டிவந்ததும் நான் என்று மகன் கூண்டில் சொல்ல வேண்டி வந்தால், உண்மையிலேயே அப்பா மனமார எழுதிய உயில்கூட ஆட்டம் கண்டுவிடும். அப்பா தம் பாங்கிக் கணக்கிலிருந்து வக்கீலுக்குக் கட்டணம் கொடுத்து, ரசீதும் இருந்தால், அதுவே பிள்ளைக்குப் பெரிய பாதுகாப்பு. பிள்ளைக்கு நல்லது செய்ய நினைக்கும் பெற்றோர் பிள்ளையைத் தூர நிறுத்தவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கட்டணத்துக்கு வருகிறேன். உயில் எழுதிக் கொடுக்க இவ்வளவு என்று அரசு விலைப்பட்டியல் எதுவும் இல்லை; ஆளுக்கு ஆள் மாறும். கேட்க வேண்டியவற்றை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். பத்திரங்களைப் பார்த்து ஆலோசனை சொல்ல எவ்வளவு? வாசகம் எழுதித் தர எவ்வளவு? பதிவு அலுவலகத்துக்கு அவரோ குமாஸ்தாவோ வருவதானால் அதற்குத் தனியா? ஒரு வருடத்தில் மனசு மாறித் திருத்த வந்தால் என்ன கேட்பார்? ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சொத்து மதிப்பில் இத்தனை சதவீதம் என்று ஒருவர் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும் கிடைக்கும் சொத்தில் பங்கு கேட்பதும் பார் கவுன்சில் விதிப்படியே கூடாது. உயில் எழுதும் உழைப்புக்கும் நிலத்தின் விலைக்கும் சம்பந்தமில்லை; நான்கு வழிச்சாலை ஓரத்தில் இருக்கிற பத்து சென்ட் கோடிக்குப் போகலாம், உயில் எழுதும் வேலை ஒன்றுதான். அசல் பத்திரங்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், நகல் போதும். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் ஆர்.டி. சக்சேனா வழக்கில் தீர்த்துச் சொல்லிவிட்டது.

அரசுச் செலவையும் பாருங்கள். உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது; வெள்ளைத் தாளில் எழுதினாலே செல்லும். பதிவு செய்வதும் கட்டாயமில்லை, செய்தால் நல்லது. குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்றால் தீர்வை சொத்து மதிப்பில் 1 சதவீதம், 2023 ஜூலையிலிருந்து உச்சவரம்பு 40,000 ரூபாய்; பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. செட்டில்மெண்ட்டைச் சாதாரணமாக ரத்து செய்ய முடியாது. உயிலை உயிரோடு இருக்கும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். எழுதிக் கொடுத்துவிட்டுச் சோற்றுக்கு அல்லாடும் முதியவர்களுக்காக 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தில் 23ஆம் பிரிவு இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்காவிட்டால், கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்துப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். அந்த நிபந்தனை பத்திரத்தில் இருக்கிறதா என்பதில் பெரிய சண்டைகள் நடந்திருக்கின்றன. செட்டில்மெண்ட்தான் எழுதுவது என்று தீர்மானித்தால், பராமரிப்பு நிபந்தனையையும் ஆயுள் அனுபவ உரிமையையும் வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். அந்த இரண்டு வரிக்காகவாவது வக்கீலுக்குக் கொடுக்கும் காசு தகும்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதலில் மகள். இந்துக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 அன்று மணமாகாதிருந்த மகள்களுக்கும், 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுதும் எல்லா மகள்களுக்கும் பிறப்பாலேயே பங்கு வந்துவிட்டது. அப்பா 2005க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளின் உரிமை போகாது என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சீர் செய்தாயிற்று, தாய்மாமன் முறை செய்தாயிற்று என்பதெல்லாம் அன்பு. அது பங்குக்கு ஈடாகாது. அப்பா தம் பங்கை மட்டுமே உயிலில் எழுத முடியும். மகளின் பங்கையும் சேர்த்து மகன் பெயருக்கு எழுதிய உயில்கள் எத்தனையோ என் கண்முன் பதிவாகியிருக்கின்றன. பதிவானதாலேயே அவை செல்லுபடி ஆகிவிடாது. நல்ல வக்கீல், 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யுடிஆர் அளவைக்குப் பிறகு பட்டா யார் பெயரில் நிற்கிறது, மூலப்பத்திரம் என்ன சொல்கிறது, வில்லங்கச் சான்று என்ன காட்டுகிறது என்று மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே பேனாவைத் திறப்பார். கூட்டுப் பட்டாவில் பெயர் இருப்பதாலேயே முழு நிலமும் உங்களுடையது ஆகாது என்பதை அவர் உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொல்வதற்கும் சேர்த்துத்தான் கட்டணம்.

இரண்டாவது, தாமே சம்பாதித்த பெண். சத்துணவு அமைப்பாளராகவோ ஆசிரியையாகவோ வேலை பார்த்து, மேலூரில் ஒரு பிளாட் வாங்கி வீடு கட்டிய பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவர் இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. அவரைக் கடைசி வரை பார்த்துக்கொள்வது உடன்பிறந்த தம்பி. உயில் எழுதாமல் அவர் போய்விட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி அவர் சொந்தக் காசில் வாங்கிய வீடு முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். கணவரின் தம்பி மகனுக்குக்கூடப் போகலாம். பெற்ற தாய் உயிரோடு இருந்தாலும் கணவரின் வாரிசுகளுக்குப் பின்னால்தான் அவர் முறை. 1956ஆம் ஆண்டுச் சட்டம் இப்படி இருப்பது எனக்கு இன்றும் ஏற்புடையதாக இல்லை. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே, பெண்கள், முக்கியமாக இந்துப் பெண்கள், உயில் எழுதி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டது. இந்த அவையில் இருக்கும் தாய்மார்களிடம் நானும் அதையே கேட்கிறேன். ஆண்கள் எழுதுவதைவிட நீங்கள் எழுதுவது அவசரம்.

காசு இல்லை என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வருமானத்தைப் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி தருகிறது. சட்ட ஆலோசனை சொல்வதையும் அந்தச் சட்டம் சட்ட உதவிக்குள்ளேயே வைத்திருக்கிறது. வட்டச் சட்டப் பணிகள் குழு மேலூர்க் கோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது; 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நான் சொன்ன அந்தப் பாட்டி மகனுடைய காசை எதிர்பார்க்காமலே ஒரு வக்கீலிடம் போயிருக்க முடியும். அப்படி ஒரு வழி இருக்கிறது என்று அவருக்குச் சொல்வாரில்லை.

முஸ்லிம் பெருமக்களுக்கு ஒரு சொல். உங்கள் சட்டப்படி பொதுவாகச் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது; வாரிசுக்கே எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். அந்தச் சட்டம் அறிந்த வக்கீலிடம் போங்கள். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று. அங்கிருந்தே பவர் எழுதி அனுப்புவதானால், அது இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரை போட வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

சாட்சி விஷயத்தில் நம் ஆட்கள் காட்டும் அசட்டை எனக்குப் பெரிய கவலை. உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும். பின்னால் வழக்கு வந்தால், உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டுக்கு வந்து, இவர் கையெழுத்துப் போட்டதை நான் பார்த்தேன், இவர் பார்க்க நானும் போட்டேன் என்று சொல்லவேண்டும். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? பதிவு அலுவலக வாசலில் டீ குடித்துக்கொண்டிருப்பவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குகிறோம். இருபது வருடம் கழித்து அவரை எங்கே தேடுவது? சாட்சி உங்களைவிட வயதில் குறைந்தவராக, உங்களை அறிந்தவராக, உயிலில் பங்கு இல்லாதவராக, இந்தப் பக்கத்திலேயே நிலைத்திருப்பவராக இருக்கட்டும். உங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் சாட்சியாக வந்தால் மிக நல்லது. புத்தி தெளிவாக இருந்தது என்பதற்கும் அவர் சொல் உதவும். வக்கீலின் ஜூனியர் ஒருவர் சாட்சியாக இருப்பதும் உண்டு. யார் சாட்சி என்பதை வக்கீலிடம் கலந்து முடிவு செய்யுங்கள்.

பாங்கியில் நாமினி போட்டாயிற்றே, இனி உயில் எதற்கு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பாங்கிக் கணக்கின் நாமினி பணத்தை வாங்கிக்கொள்ள உரிமை உள்ளவர். அதை வாரிசுகளுக்குச் சேர்க்க வேண்டியவர். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றும் யார் யார் வாரிசு என்று சொல்லுமே தவிர, யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது.

எழுதி முடித்த உயிலை எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். பீரோவில் வைத்தால் எடுக்கிறவர் கையில் அது இருக்கும். பதிவு செய்தால் அதன் நகல் பதிவு அலுவலகத்தின் மூன்றாம் புத்தகத்தில் ஏறிவிடும். அசல் தொலைந்தாலும் நகல் எடுக்கலாம். ரகசியமாக வைக்க விரும்பினால், உறையிலிட்டு முத்திரை வைத்து மதுரையில் மாவட்டப் பதிவாளரிடம் வைப்பாகக் கொடுக்கலாம். எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கலாம். இந்த வசதியைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு. பதிவான உயிலின் நகலை நீங்கள் உயிரோடு இருக்கும் வரை நீங்களோ உங்கள் முகவரோ தவிர வேறு யாரும் வாங்க முடியாது, பெற்ற பிள்ளையும் வாங்க முடியாது. உங்களுக்குப் பிறகு, இறப்புச் சான்றோடு விண்ணப்பிக்கிற யாருக்கும் கிடைக்கும். பதிவு எண்ணையும் ஆண்டையும் ஒரு சீட்டில் எழுதி, உயிலில் நீங்கள் நிறைவேற்றுநராகப் போட்டிருக்கும் ஆளிடம் கொடுத்து வையுங்கள். வக்கீலின் பெயரும் அதே சீட்டில் இருக்கட்டும்.